ராஜினாமாவில் கையெழுத்திட்டுப் பணத்தை வாங்குவதா, ஆட்குறைப்பு என்று எழுதித் தரச் சொல்வதா?

பாலாற்றங்கரை – 2024 மே 11, சனிக்கிழமை

ஆம்பூரை அடுத்த ஒரு காலணித் தொழிற்சாலையில் அப்பர் (காலணியின் மேற்பகுதி) தையல் பிரிவில் பதினோரு ஆண்டுகளாக வேலை பார்த்துவந்த என் மைத்துனரையும், அவருடன் இன்னும் பலரையும், சென்ற வாரம் ஒவ்வொருவராக அலுவலகத்துக்கு அழைத்து, ஏற்றுமதி ஆர்டர் குறைந்துவிட்டதால் இனி வேலை இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். அதோடு, "சொந்தக் காரணங்களுக்காக வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன்" என்று ஏற்கெனவே தட்டச்சு செய்து வைத்திருந்த கடிதம் ஒன்றை நீட்டி, கையெழுத்திட்டால் பணிக்கொடையும் (கிராஜுவிட்டி) இரண்டு மாதச் சம்பளமும் சேர்த்து 1,11,500 ரூபாய் அடுத்த வாரமே வங்கிக் கணக்குக்கு வந்துவிடும் என்றும் கூறியிருக்கிறார்கள். பெயரும் டோக்கன் எண்ணும் எழுத மட்டும் அதில் இடம் விட்டிருந்ததாம். யோசித்துச் சொல்கிறேன் என்று அவர் திரும்பி வந்திருக்கிறார். வாடகை 6,500 ரூபாய். ஜூன் மாதம் பள்ளி திறந்தால் இரண்டு பிள்ளைகளுக்கும் கட்டணம் கட்ட வேண்டும்.

கையெழுத்திடக் கூடாது என்பது என் கருத்து. அவருடைய மாதச் சம்பளம் 14,500. அதில் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 13,000. 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி 13,000ஐ 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கினால் ஆண்டுக்கு 7,500 வருகிறது. பதினோரு ஆண்டுகளுக்கு 82,500. ஐந்தாண்டு முடித்தவருக்கு, அவராகவே விலகினாலும்கூட, நிர்வாகம் இந்தத் தொகையைக் கொடுத்தே தீர வேண்டும். ஆகவே 1,11,500இல் அவருக்கு எப்படியும் சேர வேண்டிய பணத்தைக் கழித்துவிட்டால், அந்தக் கையெழுத்துக்கு நிர்வாகம் கொடுக்க முன்வரும் விலை 29,000 ரூபாய்தான்.

அதையே ஆட்குறைப்பு என்று முறைப்படி செய்தால், 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தின்படி வேலை பார்த்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளத்தை ஈட்டுத்தொகையாகத் தர வேண்டும், அது 79,750. ஒரு மாத முன்னறிவிப்பு தரவில்லையென்றால் அதற்குப் பதிலாக ஒரு மாதச் சம்பளமும் சேர்ந்து 94,250 ஆகிறது. நூறு பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தொழிற்சாலையென்றால் முன்னறிவிப்பு மூன்று மாதம். அரசின் முன் அனுமதியும் வேண்டும். இந்தத் தொழிற்சாலையில் எண்ணூறு பேருக்கு மேல் இருக்கிறார்கள். அனுமதி கேட்கும் வேலையைத் தவிர்ப்பதற்காகத்தான் விலகல் கடிதத்தைத் தொழிலாளியின் கையாலேயே வாங்கப் பார்க்கிறார்கள் என்பது என் எண்ணம்.

இதற்கு மேல் தொழிலாளர் அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ. வழியாக வரும் வேலையிழப்பு உதவி இருக்கிறது. 2005 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனாவின்படி, ஆட்குறைப்பாலோ ஆலை மூடப்பட்டதாலோ வேலை இழந்தவருக்கு முதல் 12 மாதங்களுக்குச் சராசரி ஊதியத்தில் பாதியும், அடுத்த 12 மாதங்களுக்குக் கால் பங்கும் கிடைக்கும். தானாக விலகியவருக்கு அது கிடையாது. என் மைத்துனரின் கணக்கில் அது மாதம் சுமார் 7,250 ரூபாய், அதாவது வாடகையைக் கட்டிவிட்டு அரிசிக்கும் கொஞ்சம் மீதம் வைக்கக்கூடிய தொகை.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் சொல்லுங்கள். திங்கட்கிழமைக்குள் அவர் பதில் சொல்ல வேண்டும்.

ராணிப்பேட்டையார் – 2024 மே 11, சனிக்கிழமை

பாலாற்றங்கரை போட்ட கணக்கில் பிழையில்லை. ஆனால் அந்தப் பணம் எந்த மாதத்தில் கைக்கு வரும் என்ற வரி அதில் விடுபட்டிருக்கிறது. ராணிப்பேட்டை சிப்காட்டில் பணியாளர் பிரிவிலேயே தலை நரைத்தவன் நான். மேசையின் அந்தப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கையெழுத்திட மாட்டேன் என்று சொன்ன மறுநாள் என்ன நடக்கும் என்று தம்பி யோசித்தாரா? நிர்வாகம் உடனே ஆட்குறைப்பு ஆணையைத் தட்டச்சு செய்து நீட்டிவிடாது. "உங்களை யாரும் வேலையை விட்டு நீக்கவில்லையே, நாளைக்கு வாருங்கள்" என்று சொல்லும். அவர் வருவார். அவருடைய இயந்திரத்தில் வேறு யாராவது உட்கார்ந்திருப்பார்கள், அல்லது பண்டல் கட்டும் இடத்தில் நிற்க வைப்பார்கள். பதினைந்து நாள் நின்றால் அவராகவே வராமல் போய்விடுவார். அப்போது அது "சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார்" என்று பதிவாகும். அதற்குப் பிறகு அவர் தொழிலாளர் உதவி ஆணையரிடம் போய், சமரசம் முறிந்து, வேலூரில் உள்ள தொழிலாளர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு, அந்த வழக்கில் நிர்வாகத் தரப்பு வாய்தா வாங்கி முடிப்பதற்குள், இன்று பள்ளிக்குக் கட்டணம் கட்ட வேண்டிய அந்தப் பிள்ளைகள் கல்லூரிக்குப் போய்விடும். நம் ஊர்த் தோல் ஆலைக் கழிவு வழக்கு 1991இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போய் 1996 ஆகஸ்டில்தான் தீர்ப்பானது. நாடே பார்த்த வழக்குக்கே ஐந்தாண்டு.

இன்னொன்றும் உண்டு. ஆம்பூரிலிருந்து வாணியம்பாடி வரை, இந்தப் பக்கம் மேல்விஷாரம் வரை, பணியாளர் பிரிவில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். வழக்குப் போட்டவரின் பெயர் அவர் அடுத்த வாசலில் போய் நிற்பதற்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்துவிடும். இது நியாயம் என்று நான் சொல்லவில்லை, நடப்பு இது. நல்ல தையல்காரருக்கு வேறு கம்பெனியில் இரண்டு மூன்று வாரத்தில் வேலை கிடைக்கும். 29,000 ரூபாயை அற்பம் என்று நினைப்பவர், அது நான்கு மாத வாடகைக்கு மேல் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

வருங்கால வைப்பு நிதியும் இருக்கிறது. வேலையில்லாமல் ஒரு மாதம் ஆனால் முக்கால் பங்கும், இரண்டு மாதம் ஆனால் மீதியும் எடுக்கலாம்.

குடியாத்தம் மலர் – 2024 மே 11, சனிக்கிழமை

இரண்டு பேரும் டோக்கன் எண் உள்ள ஆலைத் தொழிலாளியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். அந்தத் தொழிற்சாலையில் ஆர்டர் குறைந்தால் முதலில் வேலை போவது வீட்டில் உட்கார்ந்து கைத்தையல் போடும் பெண்களுக்குத்தான். பண்டலைக் கொண்டுவந்து போடும் ஆள் ஒரு வாரம் வரமாட்டார், அடுத்த வாரமும் வரமாட்டார்; எங்களுக்கு அதுதான் ஆட்குறைப்பு ஆணை. ஜோடிக்கு இவ்வளவு என்று எண்ணிக் கொடுத்த காசைத் தவிர எங்கள் கையில் ஒரு காகிதமும் இல்லை. பி.எஃப். இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை.

அரசு என்ன தருகிறது என்று நானும் அலைந்து பார்த்தவள்தான். காலணி, தோல் பொருள் தொழிலாளர்களுக்கென்று தனியாக நலவாரியம் இருக்கிறது. பதிவு செய்தால் பிள்ளைகளின் படிப்புக்கும் திருமணத்துக்கும் உதவியும், அறுபது வயதுக்குப் பிறகு ஓய்வூதியமும் உண்டு. வேலை இல்லாத மாதத்துக்கென்று அங்கே எதுவும் இல்லை. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தரும் உதவித்தொகைக்குப் பதிவு செய்து ஐந்தாண்டு காத்திருக்க வேண்டும்; அதுவும் பத்தாம் வகுப்பில் தேறாதவருக்கு மாதம் 200, தேறியவருக்கு 300, பட்டதாரிக்கே 600. குடும்ப ஆண்டு வருமானம் 72,000க்குள் இருக்க வேண்டும். நேற்றுவரை 14,500 வாங்கிய வீட்டில் அந்தச் சான்று எப்படிக் கிடைக்கும்? கிராம நிர்வாக அலுவலர் போன வருடச் சம்பளத்தைத்தான் கேட்பார்.

ராணிப்பேட்டை ஐயா பி.எஃப். பணத்தைப் போகிறபோக்கில் சொல்லிவிட்டார். ஒரு குடும்பம் பதினோரு வருடம் சேர்த்த ஒரே சேமிப்பு அது. அதை எடுத்து வாடகைக்குக் கொடுப்பதும் கிணற்றில் போடுவதும் ஒன்றுதான். பேருந்து நிலையத்துக்கு எதிரே பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்துகொண்டு, நூற்றுக்கு இவ்வளவு என்று கழிவு பேசி அந்தப் பணத்தை எடுத்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். வேலை போன வீட்டை முதலில் மோப்பம் பிடிப்பது அவர்கள்தான்.

பாலாற்றங்கரை – 2024 மே 12, ஞாயிற்றுக்கிழமை

சகோதரி மலர் சொன்னதை மறுக்க என்னிடம் எதுவும் இல்லை. ஒப்பந்ததாரர் வழியாகத் தொழிற்சாலைக்குள் வேலை செய்தவருக்கு மட்டும் ஒரு வழி இருக்கிறது: 24 மாதங்களில் 480 நாள் வேலை பார்த்தவரை நிரந்தரத் தொழிலாளியாகக் கருத வேண்டும் என்று 1981ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் சொல்கிறது. வீட்டில் தைப்பவர்களுக்கு அதையும் நிரூபிக்க வருகைப் பதிவு இல்லை.

ராணிப்பேட்டையாரின் வாதத்துக்கு வருகிறேன். நீதிமன்றம் தாமதம் என்பதால் கையெழுத்திடு என்கிறார். ஆனால் நான் சொன்னவற்றில் பெரும்பகுதி நீதிமன்றத்துக்குப் போகாமலே கிடைக்கக்கூடியது. பணிக்கொடையை வேலை முடிந்த 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும்; தவறினால் வட்டியுடன் கொடுக்க வேண்டும்; அந்தச் சட்டத்தின் கட்டுப்பாட்டு அதிகாரிக்கு ஒரு விண்ணப்பம் போதும். அதை நிறுத்தி வைத்துவிடுவோம் என்று மிரட்டுவது வெறும் மிரட்டல்.

இ.எஸ்.ஐ.யில் இரண்டாவது திட்டம் ஒன்றும் இருக்கிறது. அதைப் பற்றி இங்கே யாரும் பேசவில்லை. 2018 ஜூலையில் தொடங்கிய அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா அது. முதலில் சராசரி ஊதியத்தில் கால் பங்காக இருந்ததைக் கோவிட் காலத்தில் பாதியாக உயர்த்தினார்கள். அதிகபட்சம் 90 நாள்; வாழ்நாளில் ஒரு முறைதான். வேலை போய் 30 நாள் ஆனதும் தொழிலாளியே இணையத்தில் விண்ணப்பித்து, ஆதார் நகலையும் வங்கிப் புத்தக நகலையும் கிளை அலுவலகத்தில் கொடுக்கலாம். நிர்வாகத்தின் முத்திரைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டவருக்கும் விருப்ப ஓய்வு பெற்றவருக்கும் அது இல்லை. "சொந்தக் காரணங்களுக்காக" என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளை அலுவலகத்தில் போய் நின்றால், நீயாகத்தானே விலகினாய் என்ற கேள்விக்கு இவர் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். இரண்டு திட்டங்களையும் ஒரே காலத்துக்குப் பெற முடியாது என்பதால், எது பொருந்தும் என்பதை முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவைத் தீர்மானிப்பதே அந்தக் கடிதம்தான்.

மருத்துவத்தையும் மறந்துவிடுகிறார்கள். வேலை போன அன்றே இ.எஸ்.ஐ. அட்டை செல்லாது என்று பலர் நினைத்துத் தனியார் மருத்துவமனைக்கு ஓடுகிறார்கள். 2023 அக்டோபர் முதல் 2024 மார்ச் வரை பிடித்த சந்தாவுக்கு இந்த ஜூலை முதல் டிசம்பர் முடிய வைத்தியம் உண்டு. என் மாமியாருக்குச் சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை அந்த மருந்தகத்தில்தான் வாங்குகிறோம். மாமியாரும் மைத்துனரின் அட்டையில்தான் இருக்கிறார்.

நீதிமன்றத்துக்கே போக வேண்டி வந்தாலும், 1991ஆம் ஆண்டு வழக்கை இதற்கு ஒப்பிடுவது பொருந்தாது. வேலைநீக்கம் செய்யப்பட்டவர் சமரச அலுவலரிடம் மனுக் கொடுத்து 45 நாள் ஆகிவிட்டால், அரசின் அனுமதிக்குக் காத்திராமல் நேராகத் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போகலாம். மூன்றாண்டு வரை அவகாசம் இருக்கிறது. வழக்கறிஞர் கட்டணத்துக்குப் பயப்பட வேண்டாம். தொழிற்சாலைத் தொழிலாளி இலவசச் சட்ட உதவிக்கு உரியவர் என்று 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டமே சொல்கிறது.

விஷாரம் பாய் – 2024 மே 12, ஞாயிற்றுக்கிழமை

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். வாடகைப் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். மேல்விஷாரத்தில் சில வீடுகளை வாடகைக்கு விட்டிருக்கிறேன். குடியிருப்பவர்களில் பாதிப் பேர் தோல் தொழிலை நம்பியவர்கள். வேலை போனதை வீட்டுக்காரரிடம் மறைப்பதுதான் அவர்கள் செய்யும் முதல் காரியம். இரண்டு மாதம் வாடகை வராமல் போனால் வீட்டைத் திரும்பக் கேட்டு வாடகை நீதிமன்றத்துக்குப் போகும் உரிமை 2017ஆம் ஆண்டுச் சட்டத்தில் வீட்டுக்காரருக்கு இருக்கிறது. ஆனால் முதல் மாதமே வந்து, "பாய், இப்படி ஆகிவிட்டது, அட்வான்ஸில் மூன்று மாதம் கழித்துக்கொள்ளுங்கள், வேலை கிடைத்ததும் நிரப்பிவிடுகிறேன்" என்று சொன்னவரை நான் காலி செய்யச் சொன்னதில்லை. அதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்வது நல்லது.

ராணிப்பேட்டையார் சொல்லும் முடிவுதான் எனக்கும் சரியாகப் படுகிறது, வேறு காரணத்துக்காக. கையில் மொத்தமாக ஒரு லட்சம் ரூபாய் வந்து, பி.எஃப். பணமும் சேர்ந்தால், அந்தக் குடும்பம் வாடகையிலிருந்து போகியத்துக்கு மாறிவிடலாம். இரண்டு மூன்று லட்சம் கொடுத்து மூன்றாண்டுக்கு ஒரு வீட்டைப் பிடித்தால் மாதம் 6,500 ரூபாய்ச் செலவு நின்றுவிடும். காலம் முடிந்ததும் அசல் திரும்பி வரும். அதை விட்டுவிட்டு இ.எஸ்.ஐ.யிலிருந்து மாதம் ஏழாயிரத்தை வாங்கி வீட்டுக்காரருக்குக் கட்டிக்கொண்டிருந்தால் இரண்டு வருடம் கழித்து கையில் என்ன இருக்கும்? வீட்டுக்காரனாகிய நானே இதைச் சொல்கிறேன்.

ராணிப்பேட்டையார் – 2024 மே 12, ஞாயிற்றுக்கிழமை

பாய் சொன்னதை முழுமையாக வழிமொழிகிறேன். வாடகைக்கு உதவி என்று ஒன்று நம் நாட்டில் இல்லை என்பதைத் தம்பி ஒப்புக்கொள்ள வேண்டும். வீட்டு வசதி என்ற பெயரில் இருப்பவை எல்லாம் வீடு கட்டவோ வாங்கவோ உள்ளவை. பிப்ரவரியில் நிதிநிலை அறிக்கையில் அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீட்டுக்கு மூன்றரை லட்சம் தருகிறார்கள். அது ஊராட்சிப் பகுதியில் குடிசையில் வாழ்பவருக்கு, சொந்த மனை உள்ளவருக்கு. ஆம்பூர் நகராட்சிக்குள் வாடகைக்கு இருப்பவர் அதில் வரமாட்டார். நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் அடுக்குமாடி வீட்டுக்கு விண்ணப்பித்தால், ஆண்டு வருமானம் மூன்று லட்சத்துக்குள் இருக்கிறது, வேறெங்கும் வீடு இல்லை என்று காட்டலாம். ஆனால் பயனாளி தன் பங்காக ஒரு தொகையைக் கட்ட வேண்டும். அந்தத் தொகை எங்கிருந்து வரும்? மனைப் பட்டா கேட்டு ஆட்சியரிடம் மனுக் கொடுக்கலாம் என்றால், தேர்தல் நடத்தை விதி முடியும்வரை திங்கட்கிழமைக் குறைதீர்ப்புக் கூட்டமே கிடையாது. 2019இல் மாவட்டத்தைப் பிரித்த பிறகு ஆம்பூர்க்காரர் வேலூருக்கு வந்து மனுக் கொடுத்துப் பயனில்லை, திருப்பத்தூருக்குப் போக வேண்டும் என்பதுகூட இன்னும் பலருக்குத் தெரியவில்லை.

ஆக, தலைக்கு மேல் கூரையைக் காப்பாற்றப் போவது அரசு அல்ல, கையிருப்பு. கையிருப்பைப் பெருக்கும் முடிவு எதுவோ அதை எடுக்க வேண்டும்.

குடியாத்தம் மலர் – 2024 மே 12, ஞாயிற்றுக்கிழமை

போகியம் என்று பாய் எளிதாகச் சொல்கிறார். எங்கள் தெருவில் இரண்டரை லட்சம் போகியத்துக்குக் குடிவந்த ஒரு குடும்பத்தின் வாசலில் ஒரு நாள் வங்கிக்காரர்கள் நோட்டீஸ் ஒட்டினார்கள். வீட்டுக்காரர் அதே வீட்டின் பத்திரத்தை அதற்கு முன்பே அடமானம் வைத்துக் கடன் வாங்கியிருந்தார். இவர்களிடம் இருந்தது இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதிய ஒப்பந்தம். பதிவும் இல்லை, வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கவும் இல்லை. பீரோவைத் தெருவில் இறக்கி வைத்துவிட்டு அந்த அம்மா அதன் மேல் துணி போர்த்திக்கொண்டிருந்ததைப் பார்த்தோம். வேலை உள்ள குடும்பம் அதிலிருந்து எழுந்துவிடும். வேலை போன குடும்பத்தின் கடைசி ரூபாயை அப்படி ஓர் இடத்தில் வைக்கச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

விஷாரம் பாய் – 2024 மே 12, ஞாயிற்றுக்கிழமை

பதிவு செய்யாமல் போகியம் பிடிக்கச் சொல்லவில்லை, அம்மா. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்து, முன்கூட்டியே வில்லங்கச் சான்று பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். பதிவுக்குச் சம்மதிக்காத வீட்டுக்காரர் எவ்வளவு குறைத்துக் கேட்டாலும் அந்த வீடு வேண்டாம்.

பாலாற்றங்கரை – 2024 மே 12, ஞாயிற்றுக்கிழமை, இரவு

மைத்துனருடன் உட்கார்ந்து இதையெல்லாம் படித்துக் காட்டினேன். பாயின் யோசனையை அவர் பெரிதும் விரும்பினார். போகியத்துக்குப் போவது அவர் மனைவியின் பல நாள் ஆசை. ஆனால் ஒன்றைக் கேட்கிறேன். மொத்தப் பணம் வேண்டும் என்பதுதான் ராணிப்பேட்டையாரின் வாதமும் பாயின் வாதமும் என்றால், பணிக்கொடை 82,500உடன் ஆட்குறைப்பு ஈட்டுத்தொகை 94,250 சேர்ந்து 1,76,750 ஆகிறதே, அது 1,11,500ஐவிடப் பெரிய மொத்தம் இல்லையா? கையெழுத்திடுவதால் மொத்தப் பணம் குறைகிறது. மாத உதவியும் போகிறது. ராணிப்பேட்டையாரின் வாதத்தில் மிஞ்சுவது காலம் மட்டும்தான்: அடுத்த வாரமா, அடுத்த வருடமா என்பது.

அந்தக் காலத்தைக் கடக்கத்தான் அட்வான்ஸில் மூன்று மாதம் கழித்துக்கொள்ளும் பாயின் வழி இருக்கிறது. 40,000 அட்வான்ஸ் கொடுத்திருக்கிறார். வீட்டுக்காரரிடம் நாளைக் காலையே பேசப்போகிறோம். பி.எஃப். முழுவதையும் எடுக்கப் போவதில்லை. பத்தாண்டைத் தாண்டிவிட்டதால் அதில் ஓய்வூதியப் பகுதியை எடுக்கவும் முடியாது. அதற்குத் திட்டச் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொண்டால் அடுத்த கம்பெனியின் சேவையோடு சேர்ந்து 58 வயதில் ஓய்வூதியமாக வரும். அதையும் எடுத்துத் தருகிறேன் என்று சொல்லும் பிரவுசிங் சென்டர்க்காரரை நம்ப வேண்டாம் என்று அவருடன் வேலை போன மற்றவர்களுக்கும் சொல்லியிருக்கிறோம்.

திங்கட்கிழமை அவர் தனியாகப் போகப்போவதில்லை. அழைக்கப்பட்டவர்களில் பதினெட்டுப் பேர் சேர்ந்து ஒரே கடிதம் எழுதியிருக்கிறார்கள்: நாங்கள் விலகவில்லை, வேலைக்கு வரத் தயாராக இருக்கிறோம், வேலை இல்லையென்றால் சட்டப்படி ஆட்குறைப்பு என்று எழுத்தில் தாருங்கள் என்று. ஒரு பிரதியை ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் நிர்வாகத்துக்கும், ஒன்றைத் தொழிலாளர் உதவி ஆணையருக்கும் அனுப்புகிறோம். சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார்கள் என்று பின்னால் யாரும் எழுத முடியாதபடி அந்தத் தபால் ரசீது இருக்கும்.

ராணிப்பேட்டையார் – 2024 மே 13, திங்கட்கிழமை

பதினெட்டுப் பேர் என்றால் நிலைமை வேறு. அதை முதல் பதிவிலேயே சொல்லியிருக்க வேண்டும். தனி ஆளாக நிற்பவருக்கு என் ஆலோசனை இன்னும் அதேதான். பதினெட்டுப் பேர் சேர்ந்தால் நிர்வாகம் நீதிமன்றத்தைவிடப் பேச்சுவார்த்தையைத்தான் விரும்பும். அப்போதும் 1,76,750ஐ முழுவதும் கொடுக்காது. நான்கைந்து மாதச் சம்பளத்துக்கு இறங்கிவரும் என்பது என் கணிப்பு. அதைப் பெற்றுக்கொள்வதானால் தனித்தனிக் கடிதமாக வாங்காமல், சமரச அலுவலர் முன்னிலையில் ஒப்பந்தமாக எழுதி, வேலை முடிந்ததற்குக் காரணம் ஆட்குறைப்பு என்று அதிலேயே குறிப்பிடச் சொல்லுங்கள். அப்படியானால் தொகை குறைந்தாலும் இ.எஸ்.ஐ. உதவி நிற்காது. எந்த நிர்வாகமும் இதற்கு எளிதில் இணங்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன்; ஏனென்றால் அரசிடம் ஏன் அனுமதி வாங்கவில்லை என்ற கேள்வி அந்த ஒரு வரியிலிருந்தே கிளம்பும்.

பதினெட்டுப் பேரும் எத்தனை நாள் ஒன்றாக நிற்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. ஜூன் முதல் வாரம் பள்ளி திறக்கிறது. அதற்குள் எப்படியும் ஐந்தாறு பேர் தனியாக உள்ளே போய்க் கையெழுத்திட்டுவிடுவார்கள். அவர்களைத் திட்டாதீர்கள், தம்பி. வாடகை பாக்கி வைத்திருப்பவர்கள் யார் யார் என்று இன்றே கேட்டுத் தெரிந்துகொண்டு, பாய் சொன்னபடி அவர்களுடைய வீட்டுக்காரர்களிடமும் பேசுங்கள்.